காடிக்குள் சந்தனம்

எங்கள் துப்பறியும் ஆபீஸ் விசிட்டிங் கார்டில் எஸ்தர் அக்காவின் பெயர் மட்டும்தான் இருக்கிறது. பேருந்து நிலையத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை மாடியில் இருக்கும் அந்த ஆபீசைத் தினமும் பெருக்குவது நான். வண்டி ஓட்டுவது நான். சந்தேகத்துக்கு ஆளானவர்களின் வீட்டு வாசலில் நாய்க்குப் பயந்துகொண்டு நிற்பதும் நான்தான். துப்புத் துலங்கியதும் மாலை மட்டும் அக்கா கழுத்தைத் தேடிப் போய்விடும். எனக்கு வீரபத்திரன் என்று ஆசையாகப் பெயர் வைத்த அப்பா இதையெல்லாம் பார்க்காமல் போய்ச் சேர்ந்தது நல்லதாகப் போயிற்று.

இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், அன்றைய வழக்கு ஒரு வயிற்றெரிச்சல் வழக்கு. வயிற்றெரிச்சலைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் கால்வாசி கூட அக்காவுக்குத் தெரியாது.

விஜயதசமி அன்று காலை காந்தா என்ற பெண்மணி போன் செய்தார். பிள்ளையார்பாளையத்தில் ஃபிரேம் பட்டறை வைத்திருக்கும் சீனிவாசனின் மனைவி. பட்டறையில் ஒரு பெரிய ஆர்டருக்கு அறுத்து வைத்திருந்த தேக்குச் சட்டங்கள் அத்தனையும் யாரோ கெடுத்துவிட்டார்கள். ஜோசுவா என்கிற தச்சன் மேல் பழி விழுந்திருக்கிறது. ஆர்டர் கொடுத்த பட்டுக்கடைக்காரர் காசிநாதன் மதியம் வருகிறார். அவர் முன்னால் ஜோசுவாவை நிறுத்தி, பிறகு போலீசில் எழுதிக் கொடுக்கப் போவதாகக் கணவர் குதித்துக்கொண்டிருக்கிறார்.

"அந்தப் புள்ளை அப்படிச் செய்ற ஆளு இல்லம்மா" என்றார் காந்தா. "நான் கூப்பிட்டேன்னு அவருக்குத் தெரிஞ்சாலும் பரவாயில்ல. வந்து பாத்துட்டுப் போங்க."

எனக்கு மரத்தூள் ஆகாது. தச்சுப் பட்டறை இருக்கும் தெருவில் திரும்பினாலே தும்ம ஆரம்பித்துவிடுவேன். இரண்டு கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். அக்கா அதைப் பார்த்துவிட்டு, போருக்குப் போவது போல இருக்கிறதே என்றார். போருக்குப் போகிறவனுக்குப் பெயராவது கல்லில் பொறிப்பார்கள், கார்டில் கூட இல்லையே என்றேன். அக்காவுக்குக் காது கேட்காத நேரங்கள் உண்டு. அது அப்படி ஒரு நேரம்.

பட்டறை வாசல்படியில் ஜோசுவா உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அவன் மனைவி லில்லி, தென்னேரிக்கு ஊருக்குப் போய்வந்த பை இன்னும் கையில் இருக்க, யாரையும் பார்க்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திருட்டு, கெடுதல் என்று ஒரு முறை பெயர் கெட்டால் இந்த ஊரில் வேறு எந்தப் பட்டறையும் அவனை உள்ளே விடாது. அது இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

உள்ளே நுழைந்ததும் கண்ணில் பட்டது அந்த மிஷின்தான். ரேடியல் ஆர்ம் ரம்பம் என்றார்கள். மேசைக்குப் பின்னால் ஒரு இரும்புத் தூண். தூணின் உச்சியிலிருந்து மேசைக்கு மேலே நீண்டிருக்கும் இரும்புக் கை. அந்தக் கையில் மோட்டார் தொங்குகிறது, மோட்டாரில் வட்ட ரம்பம். கையை எந்தப் பக்கமும் திருப்பலாம், மோட்டாரை எப்படி வேண்டுமானாலும் சாய்க்கலாம். ரம்பத்தைக் கழற்றிவிட்டு மூன்று கத்தி பொருத்திய உருளையை மாட்டினால் மரத்தில் வளைவும் வரப்புமாக வேலைப்பாடு எடுக்கலாம். முந்தின நாள் ஆயுத பூஜைக்குப் போட்ட சாமந்தி மாலையும் சந்தனப் பொட்டுமாக, கல்யாணப் பெண் மாதிரி நின்றுகொண்டிருந்தது.

சீனிவாசன் எங்களைப் பார்த்துச் சந்தோஷப்படவில்லை. மனைவியை ஒரு முறை முறைத்தார். பிறகு பட்டறையில் இருந்த ஒரே நாற்காலியில் மெதுவாக, விலாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவரிடமிருந்து தைலம் வாசனை வந்தது. பூஜைக்கு முந்தின நாள் படியில் இடித்துக்கொண்டார் என்று காந்தா எங்களிடம் சொன்னார்.

சீனிவாசனின் கணக்கு ரொம்பச் சுலபமானது. நேற்று காலை பூஜை. பூஜை போட்ட கருவியை மறுநாள் வரை யாரும் தொட மாட்டார்கள். பூஜை முடிந்து பூட்டிக்கொண்டு போனார். இன்று காலை திறந்தால் சட்டமெல்லாம் கெட்டுக் கிடக்கிறது. ஆக, ராத்திரிதான் யாரோ மிஷினை ஓட்டியிருக்கிறார்கள். இரண்டு சாவி. ஒன்று அவரிடம், இன்னொன்று ஜோசுவாவிடம். அந்த மிஷினை ஓட்டத் தெரிந்தவனும் அவன் ஒருத்தன்தான்.

"நம்ம ஆளுங்க எவனும் பூஜை போட்ட மிஷின்ல கை வைக்க மாட்டாம்மா" என்றார். "அவங்களுக்கு அதெல்லாம் இல்ல பாரு."

"எங்களுக்கும் பத்துக் கட்டளை இருக்குதுங்க" என்றார் எஸ்தர் அக்கா. "பொய்ச்சாட்சி சொல்லாதேன்னு அதுல ஒண்ணு."

நான் சட்டங்களைப் பார்த்தேன். அழகு என்றால் அழகு. காசிநாதன் புது ஷோரூம் திறக்கிறார். பழைய முகூர்த்தப் புடவைகளைக் கண்ணாடிக்குள் வைத்துச் சுவர் நிறைய மாட்டப் போகிறார். அதற்கான ஃபிரேம். புடவையின் கரையில் நீளமாக ஓடும் கோடுகள் இருக்கின்றன அல்லவா, அதையே ஜோசுவா மரத்தில் கொண்டுவந்திருந்தான். இரண்டு மெல்லிய கோடு, நடுவில் ஒரு உருண்டை வரப்பு, திரும்பவும் இரண்டு கோடு. அதற்கான கத்தியை அவனே அரம் போட்டுத் தீட்டியிருக்கிறான். புடவை எங்கே முடிகிறது, ஃபிரேம் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாது என்று காசிநாதன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

கெட்டுப்போனது முன்பக்கம் இல்லை, பின்பக்கம். கண்ணாடி உட்காருவதற்காகச் சட்டத்தின் பின்பக்க ஓரத்தில் நீளமாக ஒரு படி வெட்டுவார்கள். அதற்குக் காடி என்று பெயர். அடுக்கியிருந்த சட்டங்களின் வெட்டு முனையைப் பார்த்தாலே தெரிந்தது, அந்தக் காடி வேண்டிய ஆழத்தைத் தாண்டிப் போயிருந்தது. கண்ணாடியைத் தாங்க வேண்டிய முன் உதடு அப்பளம் மாதிரி மிச்சமிருந்தது. விரலால் அழுத்தினால் போதும், உடையும்.

அக்கா ஜோசுவாவை உள்ளே கூப்பிட்டு, இது எப்படி நடக்கும் என்று கேட்டார். அவன் தூணின் உச்சியில் இருந்த கைப்பிடியைக் காட்டினான். அதை ஒரு சுற்றுச் சுற்றினால் மோட்டார் ஒரு நூல் கீழே இறங்கும். நெசவாளிக்கு நூல் என்றால் இழை, தச்சனுக்கு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. சட்டத்தை முகம் கவிழ்த்து மேசையில் வைத்து, மேலேயிருந்து காடி வெட்டுவான். யாரோ கைப்பிடியை ஒரு சுற்று அதிகம் சுற்றியிருக்கிறார்கள். அவ்வளவுதான் விஷயம்.

"வேற எதுல தப்பு நடக்கும்?"

"தள்ளுற பக்கம்மா. கத்தி சுத்துறதுக்கு எதிரா மரத்தைக் குடுக்கணும். கத்தி போற பக்கமே குடுத்தா மரத்தைப் பிடுங்கிக்கினு போய் எறியும். ஆளு குறுக்க நின்னா ஆளு மேலதான்."

அவன் அதைச் சொன்னபோது அக்கா அவனைப் பாராட்டுகிற மாதிரி பார்த்தார். என்னை அப்படி ஒரு நாளும் பார்த்ததில்லை. நானும் வேறு ஒரு பக்கமாகப் பார்த்துக்கொண்டேன்.

பிறகு நாள் கணக்கு. பூஜைக்கு முந்தின நாள் மதியம் காசிநாதன் நேரில் வந்து, ஒரு கண்ணாடித் துண்டைக் காடியில் வைத்துப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். அப்படியே தன் காரில், முன் சீட்டில் உட்காரவைத்து, ஜோசுவாவைப் பேருந்து நிலையத்தில் விட்டிருக்கிறார். அவனும் லில்லியும் தென்னேரிக்குப் போய்விட்டு இன்று காலைதான் திரும்பியிருக்கிறார்கள். ராத்திரி வந்துவிட்டுத் திரும்பிப் போக முடியாதா என்று கேட்டார் சீனிவாசன். பைக் இருந்தால் முடியும்தான்.

எனக்கு அதற்குள் குற்றவாளி கிடைத்துவிட்டான். பட்டறைக்கு வெளியே, மரத்தடியில் குத்துக்காலிட்டு பீடி பிடித்துக்கொண்டிருந்தார் ஆனந்தராஜ். பட்டறையின் மூத்த தச்சர். ஜோசுவா வருகிறவரை எல்லா ஆர்டரும் அவருடைய இழைப்புளிக்குத்தான் வரும். இப்போது அவருக்கு மிஞ்சியது ஸ்டூலும் கோழிக்கூண்டும். மூஞ்சியைப் பார்த்தாலே தெரிந்தது, உள்ளே எரிந்துகொண்டிருக்கிறது என்று. ஒரே வியாதிக்காரர்களுக்கு ஒருத்தரை ஒருத்தர் அடையாளம் தெரியும்.

அக்காவைக் கேட்காமல் நானே போய் விசாரித்தேன். ஜோசுவா மேல் பொறாமையா என்றேன்.

"பொறாமைதான்பா. இல்லன்னு சொன்னா சாமி கண்ணைக் குத்தும்" என்றார் அவர், புகையை விட்டபடி. "ஆனா அந்த மிஷின் கிட்ட நான் போகமாட்டேன். அது பல்லைக் காட்டுற காட்டு எனக்கு ஆகாது. அவனைக் கெடுக்கணும்னா ஒரு உளி போதும் எனக்கு."

நேற்று பூஜையில் என்ன செய்தார் என்று கேட்டேன். எதுவும் செய்யவில்லையாம். மாகறலில் பெரியப்பா இறந்து, பூஜைக்கு முன்பிருந்தே தீட்டு. பட்டறைக்குள்ளேயே காலெடுத்து வைக்கவில்லை, இதே மரத்தடியில் நின்று பொரியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். இன்றைக்கும் தீட்டுக் கழியவில்லை, அதனால்தான் வெளியே.

என் குற்றவாளி புகையாகப் போய்விட்டான். தொங்கிய முகத்தோடு உள்ளே வந்தேன். அக்கா மிஷினைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். என்ன பத்திரா, கைக்குட்டை இன்னும் மடிப்புக் கலையாமல் இருக்கிறதே என்றார்.

அப்போதுதான் எனக்கே உறைத்தது. வந்ததிலிருந்து நான் ஒரு தும்மல் கூடத் தும்மவில்லை.

"தும்மலே வரலக்கா. இது பட்டறையா, பூஜை ரூமா தெரியல" என்றேன்.

அக்கா நடப்பதை நிறுத்தினார். தரையைப் பார்த்தார். பூஜைக்காகக் கழுவிவிட்டுக் கோலம் போட்ட தரை. மிஷின் அடியில் போட்டிருந்த கோலத்தில் ஒரு புள்ளி கூட அழியவில்லை, ஒரு சிட்டிகை தூள் கூட இல்லை. தரையை யார் கழுவியது, எப்போது கழுவியது என்று காந்தாவைக் கேட்டார். பூஜையன்று விடியற்காலையில் தானே கழுவியதாகவும், அதற்கப்புறம் துடைப்பத்தைத் தொடவே இல்லை என்றும் அவர் சொன்னார்.

"பத்திரா, அந்தக் கட்டைக் கொஞ்சம் திருப்பு."

சட்டங்களை ஒரு கட்டாகச் சுவரோரம், பின்பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்து வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றாகத் திருப்பினேன். ஒவ்வொன்றிலும் ஒரு சந்தனப் பொட்டு, அதன் நடுவில் குங்குமம். ஆயுத பூஜைக்கு உளி, சுத்தி, ஆணி டப்பா என்று எதையும் விடமாட்டார்கள், டெலிவரிக்கு இருக்கிற மரத்துக்கும் ஒரு பொட்டு உண்டு. அதில் ஒன்றும் அதிசயமில்லை. பொட்டு இருந்த இடம்தான் அதிசயம்.

"அக்கா" என்றேன். "பொட்டு காடிக்கு உள்ளே இருக்குது."

அக்கா சிரித்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"பாத்துக்குங்க, இதைக் கண்டுபிடிச்சது வீரபத்திரன். மூக்கு ஒரு பாதி, கண்ணு ஒரு பாதி."

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கைக்குட்டையை எடுத்து, தேவையே இல்லாமல் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

அக்கா ஒரு சட்டத்தை எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். பூஜை முடிந்த பிறகு ராத்திரியில் இந்தக் காடியை வெட்டியிருந்தால் கத்தி முதலில் பொட்டைத்தான் சீவியிருக்கும். பொட்டு முழுசாக, வெட்டின ஆழத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. அப்படியென்றால் வெட்டு முதலில், பொட்டு பிறகு. தரையில் தூள் இல்லாததும் அதைத்தான் சொல்கிறது. கழுவுவதற்கு முன்னாலேயே மிஷின் ஓடி முடித்துவிட்டது. ஜோசுவா காரில் ஏறிப் போன மதியத்துக்குப் பிறகு, பூஜைக்கு முந்தின சாயங்காலம்.

"அப்ப ஆனந்தராஜ்தான்" என்றார் சீனிவாசன் சட்டென்று.

"பொட்டு வெச்சது யாருங்க?"

காந்தாதான் சொன்னார். அவருக்குத் தான் என்ன சொல்கிறோம் என்பது சொல்லி முடிக்கும்வரை தெரியவில்லை.

"நான் தட்டைப் பிடிச்சுக்கினு இருந்தேன். எங்க வீட்டுக்காரர்தான் எல்லாத்துக்கும் வெச்சாரு."

நான் கட்டின் கடைசிச் சட்டத்தைத் திருப்பினேன். அதில் பொட்டு விளிம்பில் இருந்தது. அந்த இடத்தில் உதடு விண்டு, விரிசலுக்குள் சந்தனம் இறங்கிக் காய்ந்திருந்தது. பொட்டு வைத்த விரலுக்குக் கீழேயே மரம் உடைந்திருக்கிறது. வைத்தவருக்கு அது தெரியாமல் இருக்க முடியாது.

"வேற ஒருத்தர் கெடுத்திருந்தா, உடைஞ்ச அந்த நிமிஷமே தெருவைக் கூட்டியிருப்பீங்க" என்றார் அக்கா. "சத்தம் போடல. எல்லாத்தையும் கவிழ்த்து வெச்சீங்க. விலாவுல பட்டது படியா, மரமா? முதல் சட்டத்தை எந்தப் பக்கம் தள்ளினீங்க?"

சீனிவாசனின் கை தானாக விலாவுக்குப் போனது.

"ஒரு ஈரத்துணி போதுமே. பொட்டைத் துடைச்சிருந்தா நாங்க இன்னும் அந்த ஆனந்தராஜ் பின்னாடி சுத்திக்கினு இருப்போம்."

"பூஜை போட்ட சந்தனத்தை எப்படிம்மா துடைக்கிறது" என்றார் அவர்.

அடுத்தவன் பிழைப்பில் மண் போடத் துணிந்த மனுஷன், சாமிக்கு வைத்த பொட்டைத் துடைக்கத் துணியவில்லை. எனக்குக் கோபம் கூட வரவில்லை. காந்தா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாசலில் லில்லி எழுந்து நின்றிருந்தாள்.

சீனிவாசன் பேச ஆரம்பித்தபோது எங்களைப் பார்க்கவில்லை, மிஷினைப் பார்த்துத்தான் பேசினார்.

"நான் வாங்கின மிஷின்மா. ஸ்ரீபெரும்புதூர்ல ஏலத்துல எடுத்தேன். ஒரு வருசம் அதோட மல்லுக்கட்டினேன், ஒரு சட்டம் நேரா வரல. இவன் வந்தான், ஒரே வாரத்துல பழக்கிட்டான். பட்டுக்கடைக்குப் போனோம். இவனுக்கு நாற்காலி போட்டாங்க. என்னைப் பாத்து, மரம் இறக்க வந்தீங்களா, பின்பக்கமா வாங்கன்னாங்க. வீட்டுக்கு வந்தா இவளும் ஜோசுவா கை, ஜோசுவா கைன்றா. அன்னிக்கு முன் சீட்டுல ஏறிக்கினு போறான்... ஒரு வேலையாவது என் கையால நடந்துதுன்னு இருக்கட்டுமேன்னு ஓட்டினேன். காடி இன்னும் கொஞ்சம் ஆழமா இருந்தா கண்ணாடி நல்லா உக்காரும்னு நெனச்சேன். வெட்டு அவ்ளோ சுத்தமா வந்துதும்மா. ராத்திரி தூக்கமே வரல, சந்தோஷத்துல. காலைல பொட்டு வெச்சா விரலோட வருது."

கெடுக்க வேண்டும் என்று அவர் மிஷினைத் தொடவில்லை. கெட்டது தெரிந்த பிறகுதான் கெட்டவரானார். அந்த அவமானத்தை வைக்க ஒரு இடம் வேண்டியிருந்தது, ஜோசுவாவின் தலை அகப்பட்டது.

ஜோசுவா உடைந்த சட்டத்தைக் கையில் வாங்கி, கட்டை விரலால் காடியைத் தடவிப் பார்த்தான். அவன் கத்தப்போகிறான் என்று நினைத்தேன். நானாக இருந்தால் கத்தியிருப்பேன்.

"வெட்டு சுத்தமாத்தாண்ணா இருக்குது" என்றான். "கேட்டிருந்தா காட்டியிருப்பேனே."

சீனிவாசன் தலையைக் குனிந்துகொண்டார். அந்த ஒரு வார்த்தைக்குப் பதில் நாலு அறை வாங்கியிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்கும்.

வாசலில் கார் நின்றது. காசிநாதன் வெள்ளை வேட்டியோடும் பெரிய சிரிப்போடும் உள்ளே வந்தார். கட்டு கலைந்து கிடப்பதைப் பார்த்ததும் சிரிப்புப் போய்விட்டது. ஒரு சட்டத்தை எடுத்தார், உதடு பட்டென்று ஒடிந்தது. யார் வேலை இது என்றார்.

எஸ்தர் அக்கா வாயைத் திறக்கவில்லை. என் கையையும் பிடித்து நிறுத்தினார். லில்லி கையிலிருந்த பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். பட்டறையில் எல்லோரும் ஒரே ஒருவரைப் பார்த்தோம். இப்போது அவர் பழையபடி விரலை நீட்டினால் நீட்டலாம். காசிநாதனுக்குச் சந்தனமும் தெரியாது, தூளும் தெரியாது.

சீனிவாசன் விலாவைப் பிடித்துக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"நான்தாங்க கெடுத்தது" என்றார். "ஜோசுவா ஊர்ல இல்ல. எனக்கு ஓட்டத் தெரியல."

காசிநாதன் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, அவரைத் தாண்டி ஜோசுவாவிடம் போய், தம்பி, புது மரம் போட்டு எப்போது தருவீர்கள் என்று கேட்டார். சீனிவாசன் முகத்தில் ஒரு நரம்பு துடித்ததைப் பார்த்தேன். பொறாமை ஒரு நாளில் போகிற சங்கதி இல்லை, எனக்குத் தெரியாதா?

ஜோசுவாவும் அதைப் பார்த்திருக்க வேண்டும்.

"முதலாளியைக் கேளுங்க சார்" என்றான். "பட்டறை அவருது. தேதி அவர்தான் சொல்லணும்."

காசிநாதன் திரும்பினார். அன்றைக்குத்தான் முதல் முறையாக சீனிவாசனின் முகத்தைச் சரியாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். சீனிவாசன் தொண்டையைச் செருமிக்கொண்டு, தீபாவளிக்கு முன்னால் கொடுத்துவிடுகிறோம் என்றார். காந்தா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே காபி போடப் போனார். அவர் அன்று யார் கையையும் புகழவில்லை.

நாங்கள் கிளம்பும்போது ஜோசுவா மிஷினிலிருந்து மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். கற்பூரம் காட்டி, மறு பூஜையை முடித்தார்கள். விஜயதசமிக்கு முதல் வெட்டுப் போட வேண்டும் அல்லவா? ஒரு வீணான சட்டத்தை எடுத்து மேசையில் கவிழ்த்து வைத்தான். தூண் மேலிருந்த கைப்பிடியில் சீனிவாசனின் கையை வைத்துவிட்டு, தான் ஒரு எட்டு பின்னால் நின்றான்.

வாசலில் நான் வண்டியை உதைத்தேன். அக்கா பின்னால் ஏறிக்கொண்டு, அடுத்த முறை கார்டு அச்சடிக்கும்போது ஞாபகப்படுத்து என்றார். எதை என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

உள்ளே மோட்டார் சீறியது. ரம்பம் மரத்தில் இறங்கும் சத்தம் கேட்டது. வெயிலில் மின்னிக்கொண்டு மரத்தூள் வாசலுக்கு வெளியே பறந்து வந்தது.

நான் தும்ம ஆரம்பித்தேன்.